பிசிஆர் வரவில்லையா? பிரைமர் கோளாறை அறிகுறி வாரியாகப் பிடிக்கும் முறை

டிஎன்ஏவின் ஒரு பகுதியைச் சைக்கிள் சைக்கிளாகச் சூடாக்கிக் குளிர்வித்துப் பல பிரதிகளாகப் பெருக்குவது பிசிஆர். அந்தப் பகுதியின் இரு முனைகளையும் குறிக்கும் குட்டி டிஎன்ஏ இழைகள்தான் பிரைமர் ஜோடி: ஒன்று ஃபார்வர்டு, மற்றது ரிவர்ஸ். விளைபொருளை ஜெல்லில் ஓட்டினால் அளவுக்கேற்ற இடத்தில் ஒரு கோடு, அதாவது பேண்ட், தெரிய வேண்டும். ஜெல் படத்தில் பேண்ட் இல்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, அனீலிங் வெப்பநிலையை (பிரைமர் டிஎன்ஏவில் ஒட்டும் வெப்பநிலை) இரண்டு டிகிரி குறைத்து மறுபடி ஓட்டுவது. அதிலும் வரவில்லை என்றால் மக்னீசியத்தைக் கூட்டுகிறார்கள், சைக்கிள் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், கடைசியில் பிரைமர் மீது பழி போட்டுப் புதிதாக ஆர்டர் கொடுக்கிறார்கள். நேரமும் மாஸ்டர் மிக்ஸும் (வினைக்கான கலவை) வீணானதுதான் மிச்சம். மாணவர்கள் கொண்டுவரும் ஜெல் படங்களை வருடக்கணக்கில் பார்த்துவருகிறேன். அறிகுறிகள் சிலவே, ஒவ்வொன்றின் காரணங்களும் அநேகமாக ஒரே வரிசையில்தான் வருகின்றன. உங்கள் ஜெல் எந்தத் தலைப்புக்குப் பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் நான்கு குழாய்ச் சோதனையை முடித்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல் கீழே சொல்லும் எதுவும் உதவாது.

## முதலில் நான்கு குழாய்

ஒரே மாஸ்டர் மிக்ஸ், ஒரே ஓட்டம், நான்கு குழாய்கள்.

1. உங்கள் டிஎன்ஏ, உங்கள் புது பிரைமர் ஜோடி
2. உங்கள் டிஎன்ஏ, ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் பழைய பிரைமர் ஜோடி
3. ஏற்கெனவே பேண்ட் தந்த வேறொரு டிஎன்ஏ, அதே பழைய ஜோடி
4. டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர், உங்கள் புது ஜோடி

பழைய ஜோடி என்பது உங்கள் உயிரினத்தில் கட்டாயம் வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பாக்டீரியா என்றால் 16எஸ் மரபணுவுக்கான 27எஃப்–1492ஆர், சுமார் 1,500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளப் பேண்ட் தரும். பூஞ்சை என்றால் ஐடிஎஸ்1–ஐடிஎஸ்4. பூச்சி, நத்தை போன்றவை என்றால் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவுக்கு 1994-இல் வெளிவந்த ஃபோல்மர் ஜோடி, சுமார் 710 பேஸ். புது ஜோடிக்கும் பழைய ஜோடிக்கும் அனீலிங் வெப்பநிலை வேறு என்றால் கிரேடியன்டில் (பத்திக்குப் பத்தி வெப்பம் மாறும் அமைப்பு) தனித்தனிப் பத்தியில் வையுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றைப் பட்டினி போட்டுவிட்டு அதன் முடிவை நம்பக் கூடாது.

## அறிகுறி: லேடர் (அளவு காட்டும் பட்டைகள்) மட்டும் தெரிகிறது, வேறு எதுவும் இல்லை

### மூன்றாவது குழாயும் வரவில்லை

பிரைமரைத் தொடவே வேண்டாம். மிக்ஸில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது டிஎன்டிபி (புது டிஎன்ஏவைக் கட்டும் எழுத்துகள்) பலமுறை உருகி உறைந்து கெட்டிருக்கிறது, அல்லது மக்னீசியம் இல்லாத பஃபரில் மக்னீசியம் சேர்க்க மறந்திருக்கிறது. எல்லாவற்றிலும் புது அலிக்வாட் (பிரித்து வைத்த சிறு பங்கு) எடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். ஓட்டம் முடிந்ததும் குழாய் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே நீர்த்துளிகள் அப்பியிருந்தால் இயந்திரத்தின் மேல்மூடி சூடாகவில்லை. திரவம் ஆவியாகி மேலே போய்விட்டது. அதே மிக்ஸை வேறொரு இயந்திரத்தில் ஓட்டி அங்கே வந்துவிட்டால், சர்வீஸ் என்ஜினியரை அழைக்க வேண்டிய இடம் இதுதான். பிளாக் வெப்பநிலையை அளக்கும் கருவி அவரிடம்தான் இருக்கும்.

### மூன்றாவது வருகிறது, இரண்டாவது வரவில்லை

கோளாறு உங்கள் டிஎன்ஏவில். பருத்தி இலை, மா இலை போன்றவற்றில் பாலிஃபீனால் அதிகம். மண் மாதிரி என்றால் ஹ்யூமிக் அமிலம். ரத்தம் என்றால் ஹீம், ஹெப்பாரின். எல்லாமே டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைமான பாலிமரேஸை முடக்குபவை. முதல் சோதனைக்குச் செலவே இல்லை: டிஎன்ஏவைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். நீர்த்ததில் பேண்ட் வந்தால் தடுப்பான்தான் காரணம். வரவில்லை என்றால், வேலை செய்யும் மூன்றாவது குழாயில் உங்கள் டிஎன்ஏ ஒரு மைக்ரோலிட்டர் சேர்த்துப் பாருங்கள். நல்ல பேண்டும் காணாமல் போனால் இன்னும் தடுப்பான் இருக்கிறது. தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதம் சேர்க்கலாம், அல்லது டிஎன்ஏவை மறுபடி சுத்தம் செய்யலாம். பேண்ட் அப்படியே இருந்தால் தடுப்பான் இல்லை, டிஎன்ஏவே இல்லை அல்லது துண்டுதுண்டாகிவிட்டது. அதை நேரடியாக ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்.

### இரண்டும் மூன்றும் வருகின்றன, முதல் குழாய் மட்டும் வரவில்லை

இப்போதுதான் பிரைமரைச் சந்தேகிக்க உரிமை வருகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். மேலே இருப்பவை காசில்லாதவை.

குழாயைப் பாருங்கள். பிரைமர் உலர்ந்த நிலையில் வரும்போது குழாயின் சுவரிலோ மூடியிலோ கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும். சுழற்றாமல் திறந்தால் அது பறந்துவிடும். அப்புறம் நீங்கள் ஊற்றும் டிஇ பஃபரில் பாதி பிரைமர்கூட இருக்காது. கரைக்கும் கணக்கு எளிது: குழாயில் அச்சிட்டிருக்கும் நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கி அத்தனை மைக்ரோலிட்டர் ஊற்றினால் 100 மைக்ரோமோலார். 23.4 நானோமோல் என்றால் 234 மைக்ரோலிட்டர். இந்த எண் ஃபார்வர்டுக்கும் ரிவர்ஸுக்கும் வேறுவேறாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் இருந்தால் அடர்த்தி அளக்கும் நானோடிராப் கருவியில் ஒற்றை இழை டிஎன்ஏ அமைப்பில் வைத்து அளந்துவிடுங்கள். 20 எழுத்துப் பிரைமரின் 100 மைக்ரோமோலார் மெயின் ஸ்டாக்கிலிருந்து நீர்த்த 10 மைக்ரோமோலார் வொர்க்கிங் ஸ்டாக், மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய 60 நானோகிராம் காட்ட வேண்டும். 6 காட்டினால் இரண்டு முறை நீர்த்திருக்கிறீர்கள். 600 காட்டினால் மெயின் ஸ்டாக்கையே வொர்க்கிங் என்று நினைத்து எடுத்திருக்கிறீர்கள்.

மூடியில் எழுதிய எஃப், ஆர் எழுத்துகள் ஆல்கஹால் பட்டு அழிந்திருந்தால், இரண்டு குழாயிலும் ஃபார்வர்டே போயிருக்கலாம். புதிதாக வொர்க்கிங் ஸ்டாக் செய்து ஒருமுறை ஓட்டுங்கள்.

எழுத்துகளைப் பாருங்கள். என் அனுபவத்தில் புது ஜோடி சுத்தமாக வேலை செய்யாததற்கு முதல் காரணம் ரிவர்ஸ் பிரைமரைத் தவறான திசையில் ஆர்டர் செய்வது. உங்கள் கோப்பில் இருப்பதைப் பார்க்காதீர்கள். நிறுவனம் அனுப்பிய டேட்டா ஷீட்டில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். உதாரணமாக, பெருக்க வேண்டிய பகுதி மேலிழையில் ஜி-ஏ-ஏ-சி-டி-சி என்று முடிகிறது என்று வையுங்கள். ரிவர்ஸ் பிரைமர் 5' முனையில் (இழையின் தொடக்கம்; மறுகோடியான 3' முனையிலிருந்துதான் பாலிமரேஸ் நீட்டும்) ஜி-ஏ-ஜி-டி-டி-சி என்று தொடங்க வேண்டும். இணை எழுத்துகளை மட்டும் போட்டுத் திருப்ப மறந்தால் சி-டி-டி-ஜி-ஏ-ஜி வரும். திருப்பிவிட்டு இணை போட மறந்தால் சி-டி-சி-ஏ-ஏ-ஜி வரும். அப்படியே நகலெடுத்தால் ஜி-ஏ-ஏ-சி-டி-சி. மூன்றுமே பார்வைக்கு நல்ல பிரைமர்தான். ஜிசி விகிதம் (ஜி, சி எழுத்துகளின் பங்கு), டிஎம் (பிரைமர் டிஎன்ஏவிலிருந்து உருகிப் பிரியும் வெப்பநிலை) எல்லாம் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஒன்றும் பெருக்காது.

சரிபார்க்கும் வழி: உங்கள் சீக்வென்ஸ் கோப்பில் ஃபார்வர்டு எழுத்துகளை அப்படியே தேடினால் கிடைக்க வேண்டும். ரிவர்ஸை அப்படியே தேடினால் கிடைக்கக் கூடாது; ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் செய்து தேடினால், ஃபார்வர்டுக்குக் கீழே, எதிர்பார்த்த தூரத்தில் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் என்சிபிஐ தளத்தின் பிரைமர்-பிளாஸ்டில் இரண்டையும் போட்டு, உங்கள் உயிரினத்தைத் தேர்ந்தெடுத்து, என்ன நீளத்தில் விளைபொருள் காட்டுகிறது என்று பாருங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் பெரும்பாலும் திசைதான் பிரச்சினை. திசை தவறு என்று உறுதியானால் மேற்கொண்டு சோதனை வேண்டாம், புது ரிவர்ஸ் ஆர்டர் செய்யுங்கள். ஃபார்வர்டு அப்படியே இருக்கலாம்.

இலக்கைப் பாருங்கள். எம்ஆர்என்ஏ சீக்வென்ஸிலிருந்து வடிவமைத்துவிட்டு ஜீனோம் டிஎன்ஏவில் ஓட்டுகிறீர்களா? பிரைமர் இரண்டு எக்ஸான்கள் (எம்ஆர்என்ஏவில் மிஞ்சும் துண்டுகள்) சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஜீனோமில் அந்த எழுத்துத் தொடரே கிடையாது. இரண்டு பிரைமர்களுக்கும் நடுவே, எம்ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் நீளமான இன்ட்ரான் இருந்தால் 200 பேஸ் என்று நினைத்தது 8,000 பேஸாக இருக்கும். முப்பது விநாடி எக்ஸ்டென்ஷனில் (நகல் நீளும் கட்டம்) சாதாரண பாலிமரேஸான டாக் அதை முடிக்காது. டாக்குக்கு 1,000 பேஸுக்கு ஒரு நிமிடம் என்பது பாதுகாப்பான கணக்கு.

ஜெல்லையே பாருங்கள். 120 பேஸ் விளைபொருளை ஒரு சதவீத ஜெல்லில் நெடுநேரம் ஓட்டினால் அது கீழே வெளியேறிப் போயிருக்கும். இரண்டு சதவீத ஜெல்லில் ஓட்டினாலும் புரோமோஃபீனால் ப்ளூவின் நிழல் கிட்டத்தட்ட அந்த உயரத்திலேயே நின்று மங்கலான பேண்டை மறைத்துவிடும். சாயத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

இப்போது வெப்பநிலை. டாக் என்றால் இரண்டு டிஎம்களில் குறைந்ததற்கு 5 டிகிரி கீழே தொடங்கி, மேலும் கீழும் விரியும் கிரேடியன்ட் போடுங்கள். எந்த டிஎம் என்பது முக்கியம். ஏ, டி-க்கு இரண்டு, ஜி, சி-க்கு நான்கு என்று கூட்டும் பழைய வழி மிகக் குட்டையான ஆலிகோக்களுக்கானது. 20 எழுத்துக்கு அதை நம்ப வேண்டாம். அண்டை எழுத்துக் கணக்கில் போடும் கணிப்பான்களிலும், உப்பு, மக்னீசியம், பிரைமர் அளவு ஆகிய கட்டங்களை உங்கள் பஃபருக்கு ஏற்றபடி நிரப்பாவிட்டால் ஒரே பிரைமருக்கு நான்கைந்து டிகிரி மாறிக் காட்டும். ஆகவே இரண்டு பிரைமரின் டிஎம்மையும் ஒரே கணிப்பானில், ஒரே அமைப்பில் எடுங்கள். ஃப்யூஷன், க்யூ5 போன்ற உயர்துல்லிய என்சைம்களுக்கு விதி வேறு: அந்தந்த நிறுவனத்தின் கணிப்பான் தரும் வெப்பநிலையைத்தான் எடுக்க வேண்டும், அது டாக்குக்குப் பழகிய கண்ணுக்கு மிக உயரமாகத் தோன்றும்.

ஜிசி மிகுந்த பகுதியா? இலக்கின் ஜிசி 65 சதவீதத்துக்கு மேல் என்றால் இறுகிய டிஎன்ஏவைத் தளர்த்த டிஎம்எஸ்ஓ 3 முதல் 5 சதவீதம், அல்லது ஒரு மோலார் பீட்டெய்ன் சேருங்கள். டிஎம்எஸ்ஓ ஒவ்வொரு சதவீதத்துக்கும் டிஎம்மை ஏறக்குறைய 0.6 டிகிரி இறக்கும். அனீலிங்கை அதற்கேற்பக் குறையுங்கள். 10 சதவீதத்துக்குப் போக வேண்டாம், டாக் பாதியாகச் சோர்ந்துவிடும்.

இத்தனையும் பார்த்து வரவில்லை என்றால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். ஐம்பது, நூறு பேஸ் தள்ளிப் புது ஜோடி வடிவமைப்பது, மாட்டேன் என்று நிற்கும் ஜோடியோடு இன்னொரு மாதம் போராடுவதைவிட மலிவு.

## அறிகுறி: ஜெல்லின் அடியில் மட்டும் பளிச்சென்று பட்டை

100 பேஸுக்குக் கீழே, சற்றுப் பரவலாக. நான்காவது குழாயிலும் அதே பட்டை இருந்தால் பிரைமர் டைமர்தான், அதாவது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகிய குட்டி விளைபொருள். வினையில் செலவாகாமல் மீந்த பிரைமர் இன்னும் கீழே மங்கலான மேகமாகத் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சரியான பேண்ட் தடிமனாக இருந்து அடியில் லேசாக டைமர் தெரிந்தால், சாதாரண பிசிஆரில் அது பொருட்டே இல்லை. ஓட்டத்தின்போதே அளவை எண்ணும் க்யூபிசிஆரில்தான் கவலைப்பட வேண்டும்.

எளிய காரணம் அளவு. 25 மைக்ரோலிட்டர் வினையில் 10 மைக்ரோமோலார் ஸ்டாக் அரை மைக்ரோலிட்டர் விட்டால் 0.2 மைக்ரோமோலார், தொடங்க அது போதும். பலர் பழக்கத்தில் ஒன்றரை, இரண்டு மைக்ரோலிட்டர் விடுகிறார்கள். அடுத்தது, மிக்ஸை அறை வெப்பத்தில் கலந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது. குளிர்சாதனம் இல்லாத அறையில் சாதாரண டாக் அந்த நேரத்திலேயே மெல்ல வேலையைத் தொடங்கிவிடும். ஐஸில் கலந்து, பிளாக் 95 டிகிரியைத் தொட்ட பிறகு குழாய்களை வையுங்கள், அல்லது சூடான பிறகே வேலை தொடங்கும் ஹாட் ஸ்டார்ட் என்சைமுக்கு மாறுங்கள். டெம்ப்ளேட் (நகலெடுக்கப்படும் மூல டிஎன்ஏ) மிகக் குறைவாக இருந்தாலும் பிரைமர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவைக் கூட்டிப் பாருங்கள்.

இவற்றில் தீரவில்லை என்றால் 3' முனைகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஃபார்வர்டு ஜி-சி-ஏ-டி என்று முடிந்து, ரிவர்ஸ் ஏ-டி-ஜி-சி என்று முடிந்தால், கடைசி நான்கு எழுத்தும் ஒன்றோடொன்று கச்சிதமாக ஒட்டும். பாலிமரேஸுக்கு அது போதும். ஜி-ஏ-டி-சி என்று முடியும் பிரைமர் தன் இரட்டையோடே ஒட்டிக்கொள்ளும், கூட்டாளியே வேண்டாம். கணிப்பானில் பார்ப்பவர்கள் மொத்த டைமர் வலிமையை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். மோலுக்கு மைனஸ் 9 கிலோகலோரியைவிட வலுவான எதுவும் ஆகாது என்பது பொதுவான எல்லை. ஆனால் அதைவிட வலு குறைந்த டைமரும் 3' முனையைப் பிடித்திருந்தால் தொல்லை தரும். நடுவில் ஒட்டும் வலுவான டைமர் பல நேரம் எதுவும் செய்யாது. படத்தைப் பாருங்கள், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்.

இந்தச் சோதனையின் அருமை 2020 பிப்ரவரியில் உலகத்துக்கே தெரிந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அனுப்பிய முதல் கோவிட் சோதனைப் பெட்டிகளில் நெகட்டிவ் கன்ட்ரோல்கள் பாசிட்டிவ் காட்டின. பிறகு ஆராய்ந்ததில், பெட்டியின் பல சோதனைக் கலவைகளில் ஒன்றான என்1 பகுதியில் செயற்கை டெம்ப்ளேட் கலந்திருந்தது தெரிந்தது. என்3 பகுதியிலோ கலப்படம் இல்லை. அதன் புரோபின் (ஒளிர்ந்து இலக்கைக் காட்டும் குட்டி டிஎன்ஏ இழை) 3' முனையும் ரிவர்ஸ் பிரைமரும் ஒன்றோடொன்று ஒட்டியதுதான் காரணம். ஒரே அறிகுறிக்கு அடுத்தடுத்த இரண்டு குழாய்களில் இரண்டு வேறு காரணங்கள். புரோப் இருந்தால் அதையும் மூன்றாவது பிரைமராகக் கருதிச் சோதியுங்கள்.

3' முனை மோசம் என்று தெரிந்தால் பிரைமரை இரண்டு மூன்று எழுத்து முன்னோ பின்னோ நகர்த்தி ஆர்டர் செய்யுங்கள். வேறு மருந்து இல்லை.

## அறிகுறி: சரியான பேண்டோடு வேறு பேண்டுகளும்

அனீலிங்கை இரண்டிரண்டு டிகிரியாக உயர்த்துங்கள். கிரேடியன்ட் ஓட்டும்போது பத்திகளுக்கு இடையே வெப்பம் சம இடைவெளியில் ஏறும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பத்திக்கும் இயந்திரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மக்னீசியத்தை 1.5 மில்லிமோலாருக்குக் கொண்டுவாருங்கள். சைக்கிள் 35-க்கு மேல் இருந்தால் 30 ஆக்குங்கள். இதற்கும் அடங்காவிட்டால் டச்டவுன்: டிஎம்முக்கு மேலே தொடங்கி சைக்கிளுக்கு ஒரு டிகிரி இறக்கி, சரியான வெப்பத்தில் நிறுத்தி மீதியை ஓட்டுவது. சரியான இலக்கு முதலில் முந்திக்கொள்வதால் மற்றவை பின்தங்கிவிடும்.

வெப்பத்துக்கு மசியாத பேண்டுகள் உண்மையிலேயே ஜீனோமில் இருப்பவை. மரபணுக் குடும்பம், போலி மரபணு, பல பிரதிகள். பிரைமர்-பிளாஸ்டில் ஒற்றை உயிரினத்தைத் தேர்ந்தெடுத்து முழு ஜீனோம் தரவுத்தளத்தில் தேடுங்கள். எம்ஆர்என்ஏ தரவுத்தளத்தில் மட்டும் தேடினால் இவை கண்ணில் படாது.

இலையில் இருக்கும் பூஞ்சையைத் தேடுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஐடிஎஸ்1–ஐடிஎஸ்4 ஜோடி தாவர டிஎன்ஏவையும் பெருக்கும். பூஞ்சை சில நானோகிராம், இலை நூறு நானோகிராம் என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பூஞ்சைக்கென்று 1993-இல் வந்த ஐடிஎஸ்1எஃப் பிரைமரை ஃபார்வர்டாகப் போடுங்கள். அதேபோல் இலையில் 16எஸ் ஓட்டினால் குளோரோபிளாஸ்டும் மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியா போலவே பேண்ட் தரும்.

## அறிகுறி: ஸ்மியர்

பேண்ட் இல்லாமல் மேலிருந்து கீழ் வரை புகை மாதிரி இழுத்திருந்தால் முதலில் டெம்ப்ளேட்டைக் குறையுங்கள். 25 மைக்ரோலிட்டரில் ஜீனோம் டிஎன்ஏ 100 நானோகிராமைத் தாண்ட வேண்டாம். பிளாஸ்மிட் என்றால் ஒரு நானோகிராமே தாராளம். அப்புறம் சைக்கிள், எக்ஸ்டென்ஷன் நேரம். பிரைமர் காரணமாவது அபூர்வம், இரண்டு விதிவிலக்குகள் உண்டு: ஜீனோமில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களில் உட்கார்ந்த பிரைமர், மற்றும் கலப்பெழுத்துகள் (ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள்) அதிகமாகிப்போன டிஜெனரேட் பிரைமர்.

## அறிகுறி: ஒரே பேண்ட், ஆனால் அளவு தவறு

பெரிதாக இருந்தால் முதலில் இன்ட்ரானை நினையுங்கள். சிறிதாக இருந்தால் ஒவ்வொரு பிரைமரையும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள். ஃபார்வர்டு மட்டும் இருக்கும் குழாயிலும் அதே பேண்ட் வந்தால், அது இரண்டு பக்கமும் தானே ஒட்டி உருவாக்கியது. இரண்டு குழாய் செலவில் தீரும் இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. செய்தால் பல நாள் மர்மம் அரை நாளில் விடுபடும்.

பேண்டை வெட்டி, எழுத்து வரிசையைப் படிக்கும் சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்பலாம். வரைபடம் சில எழுத்து வரை சுத்தமாக வந்து, பிறகு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சிகரங்களாகக் குழம்பினால் இரண்டு விளைபொருள்கள் கலந்திருக்கின்றன. பூச்சிகளில் சிஓஐ மரபணு பெருக்குபவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்: மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்கு நகர்ந்துவிட்ட நம்ட் பிரதிகள் அதே அளவில் பேண்ட் தரும். கிடைத்த தொடரைப் புரதமாக மொழிபெயர்த்து நடுவில் புரதத்தை முடிக்கும் ஸ்டாப் கோடான் வந்தால் அது நம்ட். குழம்பிய வரைபடத்தை நீங்களாகப் பிரிக்க முயல வேண்டாம். குளோனிங் செய்து தனித்தனியாகப் படிப்பதா, பிரைமரை மாற்றுவதா என்று சீக்வென்சிங் கூடத்தில் இருப்பவர்களிடம் மூல வரைபடக் கோப்பைக் காட்டிக் கேளுங்கள்.

## அறிகுறி: தண்ணீர்க் குழாயில் சரியான அளவில் பேண்ட்

இது கலப்படம். ஒவ்வொரு திரவமாக மாற்றித் தேட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. எளிதான வரிசை: தண்ணீர், பிரைமர் வொர்க்கிங் ஸ்டாக், மிக்ஸ், பைப்பெட். பிரைமர் மெயின் ஸ்டாக்கே கெட்டிருந்தால் புதிது வாங்குவதுதான் வழி, அதைச் சுத்தம் செய்ய முடியாது. ஃபில்டர் டிப் போடுங்கள். மேசையைப் பத்து சதவீத பிளீச்சால் துடையுங்கள். ஆல்கஹால் டிஎன்ஏவை அழிக்காது. பிசிஆர் முடிந்த குழாயைத் திறக்கும் மேசையும் மிக்ஸ் கலக்கும் மேசையும் ஒன்றாக இருக்கும்வரை இந்த அறிகுறி திரும்பத் திரும்ப வரும். இடமில்லை என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் பைப்பெட்டுகளையாவது தனியாக வையுங்கள்.

16எஸ் ஜோடி என்றால் ஒரு விதிவிலக்கு. டாக் என்சைமைப் பெரும்பாலும் ஈ.கோலையில்தான் தயாரிக்கிறார்கள், அந்த டிஎன்ஏ கொஞ்சம் கூடவே வரும். 35 சைக்கிளில் தண்ணீர்க் குழாய் மங்கலாகத் தெரிவதற்கு உங்கள் கை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். 28 சைக்கிளில் ஓட்டிப் பாருங்கள். மறையவில்லை என்றால் பாக்டீரியா டிஎன்ஏ நீக்கப்பட்ட என்சைம் வாங்குங்கள்.

## அறிகுறி: போன மாதம் வந்தது, இப்போது வரவில்லை

வொர்க்கிங் ஸ்டாக்கைக் கொட்டிவிட்டு மெயின் ஸ்டாக்கிலிருந்து புதிதாகச் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும். பிரைமரைத் தண்ணீரில் கரைத்துத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் மெல்லச் சிதையும். வடிநீர் சற்று அமிலமாக இருப்பது அதை விரைவுபடுத்தும். டிஇ பஃபரில், ஈடிடிஏ 0.1 மில்லிமோலார் மட்டும் உள்ள வகையில் கரைத்து, சிறு அலிக்வாட்களாக மைனஸ் 20-இல் வையுங்கள். மின்தடை வந்த இரவுக்குப் பிறகு இந்த அறிகுறி வந்தால் பிரைமரைவிட என்சைமையும் டிஎன்டிபியையும் முதலில் சந்தேகியுங்கள்.

அப்புறம் என்ன மாறியது என்று நோட்டைப் பாருங்கள். புது மிக்ஸா? டாக்கிலிருந்து ஃப்யூஷனுக்கு மாறினால் வெப்பநிலையும் மாற வேண்டும். இன்னொன்று: இந்த என்சைம்கள் 3' முனையிலிருந்து பிரைமரையே கொறிக்கும் திறன் உள்ளவை. மிக்ஸில் என்சைமைக் கடைசியாகச் சேருங்கள். பிரைமரில் இனோசின் அல்லது யூராசில் இருந்தால் ஃப்யூஷன் போன்றவை அங்கேயே நின்றுவிடும், டாக்குக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: சில மாதிரிகளில் மட்டும் வரவில்லை

நான்கு குழாய்ச் சோதனையில் அந்த மாதிரிகளின் டிஎன்ஏ நன்றாக இருந்தால், பிரைமர் உட்காரும் இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. 3' முனையின் கடைசி எழுத்திலோ அதற்கு முந்தையதிலோ மாற்றம் என்றால் ஒன்றே போதும். 5' பக்கம் ஓரிரு மாற்றங்களைப் பிரைமர் சகித்துக்கொள்ளும். நடுவில் வரும் மாற்றமும் சில நேரம் பாதிக்கும். 2020-இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை வெளியிட்ட கோவிட் சோதனையில் ஆர்டிஆர்பி மரபணுவுக்கான ரிவர்ஸ் பிரைமரில் ஒரு எழுத்து வைரஸோடு பொருந்தவில்லை. மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டபோது அதன் உணர்திறன் குறைவாக இருந்ததற்கு அதுவே காரணமாகக் கருதப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஆல்ஃபா வகை வந்தபோது ஸ்பைக் மரபணுவில் 69, 70 இடங்கள் நீங்கியதால் ஒரு சோதனையில் எஸ் (ஸ்பைக்) இலக்கு மட்டும் காணாமல் போனது. மற்ற இலக்குகள் இருந்ததால் நோயாளிகள் தவறவிடப்படவில்லை, அந்த வகையைக் கண்டுபிடிக்கவும் அது உதவியது. ஒரே ஒரு இலக்கை வைத்து நோய் கண்டறியக் கூடாது என்பதற்கு இது போதும்.

செய்ய வேண்டியது: கிடைக்கும் எல்லாத் தொடர்களையும் வரிசைப்படுத்தி, பிரைமர் இடத்தைப் பத்தி பத்தியாகப் பாருங்கள். மாறும் எழுத்து நடுவில் என்றால் கலப்பெழுத்து போடலாம். 3' முனையின் கடைசி ஐந்து எழுத்தில் கலப்பெழுத்தே வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். வரிசைப்படுத்தலை நம்பிக்கையோடு படிக்கத் தெரியாவிட்டால் உயிர்தகவலியல் தெரிந்தவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நோயாளிகளுக்கு முடிவு சொல்லும் சோதனை என்றால், பிரைமரை நீங்களாக மாற்றி ஓட்டக் கூடாது. முழு மறுசரிபார்ப்பு வேண்டும், ஆய்வகப் பொறுப்பாளரிடம் போங்கள்.

## அறிகுறி: க்யூபிசிஆரில் எண்கள் உதைக்கின்றன

டெம்ப்ளேட்டைப் பத்து மடங்கு வீதம் ஐந்து படி நீர்த்து நேர்கோடு போடுங்கள். சாய்வு மைனஸ் 3.32 என்றால் திறன் 100 சதவீதம், மைனஸ் 3.6-க்கும் மைனஸ் 3.1-க்கும் இடையே, அதாவது திறன் 90 முதல் 110 சதவீதம் வரை, ஏற்கலாம்.

### திறன் 110-க்கு மேல்

பிரைமர் அபாரம் என்று பொருளல்ல. அடர்த்தியான குழாய்களில் தடுப்பான் இருக்கிறது, அல்லது நீர்த்த குழாய்களில் டைமர் சேர்ந்து எண்ணப்படுகிறது. முதல் புள்ளியை நீக்கிக் கோட்டை மறுபடி போடுங்கள். திறன் இறங்கினால் தடுப்பான்.

### திறன் 90-க்குக் கீழ்

முதலில் பைப்பெட். ஒரே மாதிரியின் மூன்று பிரதிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் பிரைமரைப் பேசிப் பயனில்லை. ஒத்துப்போனால் வெப்பநிலை, பிரைமர் அளவு, அதற்கு அப்புறம் விளைபொருள் நீளம். 75 முதல் 150 பேஸ் நல்லது; 400 பேஸ் விளைபொருள் தரும் பிரைமரைக் க்யூபிசிஆருக்கு இழுத்துவராதீர்கள்.

### மெல்ட் கர்வில் (விளைபொருள் உருகும் வெப்பத்தைக் காட்டும் கோடு) இரண்டு சிகரம்

தாழ்ந்த வெப்பத்தில் அகலமான சிகரம், தண்ணீர்க் குழாயிலும் இருந்தால் டைமர். இரண்டும் உயர்ந்த வெப்பத்தில் இருந்தால் உடனே முடிவுகட்ட வேண்டாம். ஒரே விளைபொருளே இரண்டு கட்டமாக உருகுவது உண்டு. ஜெல்லில் ஓட்டி ஒரே பேண்ட் என்றால் பிரைமரை வைத்துக்கொள்ளலாம்.

### ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் என்சைம்) போடாத குழாயிலும் சிக்னல்

ஆர்என்ஏவில் ஜீனோம் டிஎன்ஏ கலந்திருக்கிறது. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் என்சைம் போடுங்கள், எக்ஸான் சந்திப்பில் பிரைமர் வையுங்கள். ஆனால் மனித மாதிரியில் ஒப்பீட்டுக்கு வைக்கும் மரபணுக்களான ஜிஏபிடிஹெச், பீட்டா ஆக்டின் இரண்டுக்கும் எக்ஸான் சந்திப்பு காப்பாற்றாது. இவற்றின் போலி மரபணுக்கள் ஏராளம்; அவை எம்ஆர்என்ஏவிலிருந்து திரும்பி ஜீனோமுக்குள் போனவை, இன்ட்ரானே இல்லாதவை. அங்கே டிஎன்ஏஸ் மட்டுமே வழி, இல்லையென்றால் வேறு ஒப்பீட்டு மரபணு.

## மறுபடி ஆர்டர் செய்வது என்று முடிவானால்

ஒரு ஜோடி வாங்காதீர்கள். இரண்டு ஃபார்வர்டு, இரண்டு ரிவர்ஸ் வாங்கினால் நான்கு சேர்க்கை கிடைக்கும். தோற்றுப்போன இன்னொரு மாதத்தைவிட இரண்டு கூடுதல் பிரைமரின் விலை மிகக் குறைவு. நீளம் 18 முதல் 25, ஜிசி 40 முதல் 60 சதவீதம், இரண்டு டிஎம்களுக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்குள், கடைசி ஐந்து எழுத்தில் ஜி, சி மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒரே எழுத்து நான்கு முறை தொடர்ச்சியாக வேண்டாம்.

20 எழுத்துக்கு உப்பு நீக்கிய சாதாரணத் தரமே போதும். குளோனிங்குக்காக நீண்ட வால் வைத்து 60 எழுத்து போனால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு எழுத்தும் 99 சதவீதம் சரியாகச் சேர்ந்தாலும் 20 எழுத்தில் ஏறக்குறைய 83 சதவீதம் முழு நீளம். 60 எழுத்தில் 55 சதவீதம்தான். தொகுப்பு 3' முனையில் தொடங்கி 5' நோக்கிப் போவதால், குறைப்பட்டவற்றில் இல்லாமல்போவது 5' பக்கம். அதாவது நீங்கள் கட்டுப்பாட்டு என்சைம் வெட்டுவதற்காக வைத்த அதே இடம். பேண்ட் அழகாக வந்தும் வெட்டு விழவில்லை என்றால் இதையும், வெட்டும் இடத்துக்கு முன்னால் நான்கு முதல் ஆறு கூடுதல் எழுத்து வைத்தீர்களா என்பதையும் பாருங்கள். 50 எழுத்தைத் தாண்டினால் ஹெச்பிஎல்சி அல்லது பேஜ் சுத்திகரிப்புக்குக் காசு கொடுங்கள்.

ஆர்டர் படிவத்தில் தொடரைத் தட்டச்சு செய்யாமல் ஒட்டுங்கள். ஒட்டியதைப் படிவத்திலிருந்தே மறுபடி நகலெடுத்துப் பிரைமர்-பிளாஸ்டில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வந்ததும் டேட்டா ஷீட்டோடு ஒப்பிடுங்கள். எழுத்தும் அளவும் சரியாக இருந்து, நான்கு சேர்க்கையில் ஒரு பிரைமர் உள்ள இரண்டு மட்டும் தோற்றால், தொகுப்பிலேயே கோளாறு இருக்கலாம். அப்போது நிறுவனத்துக்கு எழுதி அந்தப் பிரைமரின் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறு எடை அளவீடு) வரைபடத்தைக் கேளுங்கள். நான்கு குழாய் ஜெல் படத்தையும் இணைத்து அனுப்பினால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் புதிதாகச் செய்து தருவார்கள்.